அக்காவின் வயிற்றுக்குள் வைத்த வலைத்துணி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படித்தேன் என்று சொன்னால் என் வாத்தியார் சிரிப்பார். இருந்தும் இன்றைக்குத் திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி ‘எல்லப்பன் லுங்கி ஸ்டோர்ஸ் போகணும்’ என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரன் எந்தத் தெரு என்று திருப்பிக் கேட்கமாட்டான். கடை மேலேயே வீடு. அந்தத் தெருவில் உட்கார்ந்து போகிற கக்கூஸ் முதலில் வைத்தவனும் நான்தான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கூட்டம் என்றால் மைக்கைப் பிடித்து, ‘என்னை யாரும் தூக்கிவிடவில்லை, நானே எழுந்தேன்’ என்பேன். முன்வரிசையில் என் அக்கா ஞானம்மாள் உட்கார்ந்திருந்தால் மட்டும் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். நான் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் நகரியிலும் புத்தூரிலும் கூவி விற்ற முதல் கட்டு லுங்கி அவள் தறியில் இறங்கியது. இது அவளைப் பற்றி.

அவள் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, இன்றைக்கு இருப்பது எல்லாம் பொதட்டூர்பேட்டைதான். புருஷன் தேசப்பன், எனக்குப் பாவா. தங்கமான மனுஷன், ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் பகலை ராத்திரி என்று நம்புவார். பவர்லூம் வந்து ஊரே கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்த பிறகும் இவர்கள் தெருவில் நாலைந்து வீட்டில் கைத்தறி நின்றது. அதனால் தெருவில் பாவு போடுவதும் நிற்கவில்லை.

பாவு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துணிக்கு நீளவாட்டில் ஓடுகிற நூல் பாவு, குறுக்கே ஓடுகிறது ஊடை. அந்தப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே போகவேண்டும். காய்கிறவரைக்கும் கை நிற்கக் கூடாது. நின்றால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு மொத்தப் பாவும் கயிறாகிவிடும். ஒருத்தன் வீட்டுப் பாவு என்றால் தெருவே கூடிச் செய்யும். பாவு காய்கிறவரைக்கும் யாரும் வரிசையை விட்டு நகரமாட்டார்கள். தாகமானாலும் சரி, வயிற்றைப் பிசைந்தாலும் சரி.

இதில் ஆம்பளைகளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, காய்ந்ததும் எங்காவது ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள். பொம்பளைகள் அப்படி முடியுமா? விடிவதற்கு முன்னே ஏரிப் பக்கம் போய்விட்டு வரவேண்டும். பாவு நாளில் அதற்கும் நேரம் இருக்காது, கஞ்சி காய்ச்சவேண்டும். அந்த நேரம் தவறினால் அப்புறம் பொழுது சாய்ந்துதான். என் அக்கா சின்ன வயசிலிருந்து அடக்கி அடக்கியே பழகினாள். அடக்கியது இறுகிவிடும். பிறகு இருட்டில் யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவசர அவசரமாக முக்கவேண்டும். இது ஒரு நாள் கதை இல்லை, அவள் ஆயுசு முழுக்க அப்படித்தான். எங்கள் தெருவில் அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

அவளுக்கு ஐம்பது வயசு நெருங்கும்போது விரதம் அதிகமாயிற்று. மாசக் கிருத்திகைக்குச் சாப்பிடமாட்டாள், அது எப்போதும் உள்ளதுதான். பிறகு செவ்வாய்க்கிழமை சேர்ந்துகொண்டது. பிறகு பாவு நாளெல்லாம் விரத நாளாயிற்று. ‘பாவும் சாமி மாதிரிதான்டா’ என்றாள் என்னிடம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருவாள், இலையில் உட்காரமாட்டாள். உடம்பு குச்சியாயிற்று. தெருப் பொம்பளைகள், ‘ஞானம்மாளுக்கு முருகன் மேல இருக்குற பக்தி யாருக்கு வரும்’ என்று அவள் கையால் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், ‘எங்க அக்கா மாதிரி விரதம் இருக்க எவளும் பொறக்கல’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து மூன்று ஆடிக் கிருத்திகைக்கு அவளை வலுக்கட்டாயமாகத் திருத்தணிக்குக் கூட்டிவந்தேன். அவள் பெயரில் ஒரு புஷ்பக் காவடி எடுப்பதாக நானே வேண்டியிருந்தேன். பூவெல்லாம் சொல்லி வைத்தாயிற்று. காவடி கட்டி முடித்ததும் அக்கா வாசலில் நின்றுகொண்டு, “நான் மலை ஏறல. நீ எடுத்துக்கினு போ” என்றாள்.

“ஏன்க்கா?”

“ஏறலன்னா ஏறல.”

“வருஷம் முச்சூடும் பட்னி கெடக்கற, மலை மட்டும் ஏறமாட்டியா? இன்னா பக்தி இது?”

“கீழ நின்னு கும்புட்டா அவனுக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காவடியை நானே தூக்கிக்கொண்டு போனேன். மேளம் அடிக்கிறவனே அசந்துபோகிற மாதிரி ஆடிக்கொண்டுதான் ஏறினேன், அது வேறு கதை.

திரும்பி வந்தபோது என் சம்சாரம் பிரபாவதி படிக்கட்டிலேயே நின்றிருந்தாள். முகம் சரியில்லை.

“உங்க அக்கா விரதம் இருக்கறது சாமிக்கு இல்லிங்க” என்றாள்.

“பின்ன?”

“வெளிய போவறதுக்குப் பயந்துகினு.”

எங்கள் வீட்டுக் கக்கூஸில் அக்கா வெகுநேரம் இருந்திருக்கிறாள். முனகல் கேட்டு இவள் கதவைத் தட்ட, அக்கா திறக்கவில்லை. கெஞ்சிக் கெஞ்சித்தான் திறக்க வைத்தாள். உள்ளே போய்ப் பார்த்தாள். குடலின் அடிப்பாகம் வெளியே வந்து சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கையால் உள்ளே தள்ளி, பழைய லுங்கித் துண்டைக் கோவணம் மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு, ‘யார் கிட்டயும் சொல்லாத பிரபா, உன் கால்ல வுழறேன்’ என்றாளாம். முதலில் முக்கினால் மட்டும் வந்ததாம். பிறகு இருமினாலே வந்ததாம். இப்போது கொஞ்ச தூரம் நடந்தாலே வருகிறதாம். சாப்பிட்டால்தானே போகவேண்டும் என்று சாப்பாட்டையே நிறுத்திவிட்டிருக்கிறாள். அந்த உடம்போடு கோயில் படியை மிதிக்கக் கூடாது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறாள்.

நான் காவடித் துண்டை அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பாவாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். “எனக்குத் தெரியும் மச்சான். மூலம்னு சொன்னாங்க. சொவுத்துல எழுதியிருந்தான், மூலம் பவுத்திரம், ஆபரேஷன் இல்லாம சரி பண்றேன்னு. அங்க இட்டுனு போனேன். இன்னாவோ மருந்து வெச்சி சுட்டான். ரெண்டு மாசம் குப்புறப் படுத்துனு கெடந்தா. திரும்பவும் அப்பிடியே ஆயிட்ச்சி.”

“என் கிட்ட சொல்றதுக்கு இன்னா பாவா?”

“நீ கடையில மைக்கு வெச்சி சொல்லிடுவேன்னு பயந்தா.”

மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, வயிற்றைக் கிழித்துத்தான் சரி பண்ணவேண்டும் என்றார். அக்கா அன்றைக்கே மூட்டையைக் கட்டினாள். எதிர் வீட்டில் வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்துகொண்ட பொம்பளை ஒருத்தி படுத்த படுக்கையாகவே போய்ச் சேர்ந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். நான் விடுகிற ஆளா? மெட்ராஸில் என்னிடம் சரக்கு வாங்குகிற ஆள் எத்தனை பேர். விசாரித்து விசாரித்து, சின்னத் துளை போட்டு டிவியில் பார்த்துக்கொண்டே ஆபரேஷன் பண்ணுகிற ஒரு பொம்பளை டாக்டரைக் கண்டுபிடித்தேன். பெயர் சாய்லக்ஷ்மி. பிறந்தது புத்தூர்ப் பக்கம். பொம்பளை டாக்டர் என்று சொன்னதால்தான் அக்கா ரயில் ஏறினாள். அதுவும் வழியெல்லாம் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தாள்.

டாக்டரம்மா அவளை உள்ளே கூட்டிப்போய்க் குந்தவைத்து முக்கச் சொல்லிப் பார்த்தாராம். வெளியே வந்து எங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொன்னார். “இது மூலம் இல்லிங்க. மூலம்னா தனித்தனி முடிச்சா வரும். இது குடலே வளையம் வளையமா வெளிய வருது. சட்டைக் கையைப் புடிச்சி இழுத்தா உள்பக்கம் வெளிய வருது இல்ல? அந்த மாதிரி. அதை மேல தூக்கி, பின்னாடி எலும்போட சேர்த்துப் புடிச்சி வெச்சிடணும். வயித்தைக் கிழிக்க வேணாம். நாலு சின்னத் துளை போதும்.”

“எத வெச்சிப் புடிப்பீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“ஒரு வலை மாதிரி துணி இருக்கு. அதை வெச்சி.”

அவ்வளவுதான். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“இப்ப இன்னாக்கா?”

“துணிய உள்ள வெச்சித் தைப்பாங்களாம்டா. நீ துணி விக்கறவன், உனக்குத் தெரியாதா? ஈரத்துல கெடந்தா எந்தத் துணி நிக்கும்? உன் கடை லுங்கி ரெண்டு ஆடி தாங்குதா? வேர்வை பட்டாலே மக்குது. உள்ள மக்கிப்போச்சின்னா யார் எடுப்பா? அறுந்துபோச்சின்னா திரும்பவும் அதே கதி. அதுக்கு இப்பிடியே செத்துப்போறேன்.”

என் கடை லுங்கியைப் பற்றி அவள் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் மற்றபடி அவள் பயம் நியாயம்தான். ஆயுசு முழுக்க நூலோடு கிடந்தவளுக்குத் துணி என்றால் ஒருநாள் கிழிகிற பொருள். மயக்க மருந்துக்கோ கத்திக்கோ அவள் பயப்படவே இல்லை, அந்தத் துணிதான் அவளை மிரட்டிவிட்டது. பாவா, “வேணாம்னா விட்டுடலாம் மச்சான்” என்று ஆரம்பித்தார். பிரபாவதி அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

நான் நேராக டாக்டரம்மாவிடம் போனேன். “அம்மா, எங்க அக்கா தறிக்காரிங்க. துணிய கையில குடுத்தாதான் நம்புவா” என்றேன். வேறு டாக்டராக இருந்தால் எழுந்து போ என்றிருப்பார். இந்த மகராசி சிரித்துவிட்டு, வெட்டி மிச்சமான வலைத்துணித் துண்டு ஒன்றை நர்ஸிடம் கேட்டு வாங்கி, தானே வராந்தாவுக்கு வந்து அக்கா பக்கத்து பெஞ்சியில் உட்கார்ந்தார்.

அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளையாக, கொசுவலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. நீளவாட்டில் இழுத்தாள், குறுக்கே இழுத்தாள், மூலைக்கு மூலை இழுத்தாள். வெட்டின ஓரத்தை நகத்தால் நோண்டிப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றி நனைத்துக் கசக்கினாள்.

“இது நெய்யல. பின்னியிருக்குது” என்றாள்.

“ஆங், பின்னினதுதான்” என்றார் டாக்டரம்மா. “பஞ்சும் இல்ல, பட்டும் இல்ல. ஒரு மாதிரி பிளாஸ்டிக் நூல். ஈரத்துல மக்காது.”

“இம்மாம் ஓட்டை எதுக்கும்மா?”

“அந்த ஓட்டை வழியா உங்க சதை வளந்து இறுக்கிக்கும். கொஞ்ச நாள் போனா துணி எது உடம்பு எதுன்னு பிரிக்க முடியாது.”

அக்கா கொஞ்ச நேரம் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “அப்போ நீங்க வெக்கறது பாவு மட்டும்தான். ஊடைய என் ஒடம்பு போட்டுக்கணும்.”

“அதேதான்மா.”

“திரும்பவும் எறங்காதே?”

“நூத்துக்கு நூறுன்னு நான் சொல்லமாட்டேன். சில பேருக்குத் திரும்பவும் வரும். ஆனா நிறைய பேரு நல்லா இருக்காங்க. நீங்களும் நான் சொல்றபடி கேக்கணும்.”

நூற்றுக்கு நூறு என்று சொல்லாததால்தான் அக்கா அவரை நம்பினாள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். சுவரில் எழுதியவன் நூற்றுக்கு நூறு என்றுதான் எழுதியிருந்தான். அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். நாங்கள் தங்கின ரூமில் ஜன்னல் கம்பியில் அதைக் கட்டி, என் பையை அதில் தொங்கவிட்டாள். காலையில் எழுந்து பார்த்தாள். பை அங்கேயே தொங்கியது. “சரிடா, போலாம்” என்றாள்.

ஆபரேஷன் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை லாரி சரக்கு மழையில் மாட்டியிருக்கிறது, அப்போதெல்லாம் அசராத ஆள் நான். ‘ரத்தம் வேணும்னா எவ்ளோ வேணும்னாலும் எடுங்க’ என்று நர்ஸிடம் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டுகூடத் தேவைப்படவில்லை. முடித்து வெளியே வந்த டாக்டரம்மா, குடலை மேலே தூக்கி நன்றாகப் பொருத்தியாயிற்று என்றார். அந்தக் கையைக் கும்பிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன் என்று பாவா சொல்கிறார், எனக்கு அப்படி ஞாபகம் இல்லை.

மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “டேய் எல்லப்பா, வயித்துல பண்றேன்னு சொல்லிட்டு தோள்பட்டை இன்னாத்துக்குடா வலிக்குது? ஆள் மாத்திப் பண்ணிட்டாங்களா கேளு.” வயிற்றுக்குள் கேமரா போக இடம் வேண்டும் என்று காற்று ஏற்றுவார்களாம். அதில் மிச்சம் இருக்கிற காற்றுதான் தோளில் போய் வலிக்குமாம். தானாகச் சரியாகிவிடும் என்றார்கள், ஆயிற்று. மறுநாளே நர்ஸ் அவளை எழுப்பி வராந்தாவில் நடக்கவிட்டார். வயிற்றில் நாலு சின்னப் பிளாஸ்திரி. “இத்துனூண்டு ஓட்டை வழியா எப்பிடிடா பூந்தாங்க?” என்று அதையே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் எங்கள் எல்லோருக்கும் இருந்த பயம் வேறு. வெளியே போகும்போது என்ன ஆகும்? அக்கா மறுபடியும் சாப்பிடாமல் ஏமாற்றப் பார்த்தாள். பிரபாவதி பப்பாளியும் கஞ்சியும் ஊட்டாத குறை. மலத்தை இளக்கி விடுகிற மருந்தும் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு காலையில் அக்கா எழுந்து கக்கூஸுக்குள் போனாள். பிரபாவதி கதவுக்கு வெளியே காவல். நானும் பாவாவும் வராந்தாவின் அந்தக் கோடியில் நின்று, ஏதோ ரயில் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதவு திறந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பிரபா.”

“இன்னா வதினா?” எங்கள் பக்கம் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவது.

“வரல. ஒன்னும் வெளிய வரல. கை வெச்சிப் பாத்தேன். ஒன்னுமே இல்ல.”

சொல்லிவிட்டு அங்கேயே பிரபாவதி தோளில் சாய்ந்து அழுதாள். எத்தனை வருஷமாக அடக்கிவைத்ததோ, அதையும் சேர்த்து அழுதாள் போல. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பசிக்குது, இட்லி கெடைக்குமா?” என்றாள். ஓடிப்போய் வாங்கிவந்தது நான்தான்.

அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். கொஞ்ச மாசத்துக்குக் குடம் தூக்கக் கூடாது. கீரை, பழம், தண்ணீர் நிறைய வேண்டும். விரதம் என்ற பேச்சே கூடாது. “எல்லாத்துக்கும் மேல, வரும்போது போயிடணும். அடக்கவே கூடாது. முக்கவும் கூடாது.”

“பாவு நடக்கும்போது வந்தா?”

“பாவு நிக்கட்டும்மா.”

அக்கா சிரித்துவிட்டாள். பாவை நிறுத்தச் சொல்கிற டாக்டரை அவள் எங்கே பார்த்தாள்.

ஊருக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம், அக்கா வீட்டுப் பின்பக்கம் ஒரு கக்கூஸ் கட்டியது. டைல்ஸ் பதித்து, மேலே டேங்க் வைத்து. பொதட்டூர்பேட்டையில் அப்படி ஒன்று அப்போது எத்தனை வீட்டில் இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த கிருத்திகையில் அக்கா வாசலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். விபூதி வாங்க வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். “எனக்கு ஒடம்புல ஒரு கோளாறு இருந்துச்சி, அதனாலதான் துன்னாம இருந்தேன். முருகன் கணக்குல எழுதிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு இன்னொரு இட்லிக்குச் சட்னி கேட்டாள்.

மறு வருஷம் தீபாவளிக்கு முன்னால், எதிர் வீட்டு ஜெகநாதன் வீட்டுப் பாவு. எனக்கு வரவேண்டிய சரக்கு அது. அதனால் நானும் வெள்ளை வேட்டியில் போய் நின்றிருந்தேன். டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு அக்கா முதல் தடவையாக வரிசையில் நின்றாள். கஞ்சி ஈரமாக இருக்கிறது, வெயில் ஏறுகிறது, எல்லோர் கையும் ஓடுகிறது. நடுவில் அக்காவின் கை நின்றது. அவள் முகத்தை நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் பிரஷ்ஷை இழுத்தாள். பழைய பழக்கம். இவ்வளவும் வீண்தானா என்று நினைத்தேன்.

பிறகு அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

“இன்னாக்கா, எங்க போறே? கஞ்சி இறுகிடும்!” என்று ஜெகநாதன் கத்தினான்.

“இறுகட்டும். நான் வெளிய போவணும்.”

அவ்வளவு ஆம்பளைகளுக்கு நடுவில், பட்டப்பகலில், எங்கள் தெருவில் ஒரு பொம்பளை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோர் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அக்கா யார் முகத்தையும் பார்க்காமல், முந்தானையைச் செருகிக்கொண்டு, நேராக வீட்டுக்குள் நடந்தாள்.

“பாவு, பாவு!” என்று ஜெகநாதன் அலறினான். நான் வேட்டியை மடித்துக் கட்டி அவள் வைத்த பிரஷ்ஷை எடுத்தேன். எத்தனையோ வருஷம் கழித்து. கை கேட்கவில்லை. ரெண்டு இழுப்பில் நாலைந்து இழை அறுந்தது. “கடைக்காரரு தறிக்காரர் ஆயிட்டாரு டோய்!” என்று யாரோ சிரித்தான். சிரிக்கட்டும்.

அக்கா கை கழுவிக்கொண்டு, முகத்தில் தண்ணீரோடு, அவசரமில்லாமல் வந்தாள். என் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கினாள். “இன்னாடா இப்பிடி இழுத்து வெச்சிக்கீற? நகுரு.” அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரித்துச் சேர்த்தாள். அந்தப் பக்கம் நின்ற ஜெகநாதன் சம்சாரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஞானக்கா, உங்க வூட்டு கக்கூஸு தொறந்துதான் இருக்குதா?” என்று கேட்டுவிட்டுத் தன் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

“போ, போ. தண்ணி இருக்குது” என்றாள் அக்கா.

அந்தப் பாவில் நான் இழுத்த இடத்தில் கொஞ்சம் இழை ஒட்டிப்போயிற்று. அதிலிருந்து வந்த லுங்கியில் ஒரு ஓரமாகக் கயிறு மாதிரி ஒரு கோடு ஓடும். எல்லப்பன் கடையில் அப்படிச் சரக்கு நிற்காது. ஆனால் அந்த ஒன்றை நான் விற்கவில்லை. வருஷம் ஐந்து ஆகிறது, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். போன ஆடிக்கு அக்கா மலைக்கு வந்தாள், காவடியும் எடுத்தாள். படியில் அதே லுங்கியில் நான் மூச்சு வாங்கி நின்றபோது திரும்பிப் பார்த்து, “உன் லுங்கி இன்னும் கிழியலயாடா?” என்றாள்.